மைசூருவை ஒரு தாளில் படிப்போம்

மைசூரு அரண்மனை வாயிலில் நின்று, சாமுண்டி மலை உச்சி இங்கிருந்து எவ்வளவு தொலைவு என்று மூவரிடம் கேட்பதாகக் கொள்வோம். வரைபடத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தவர் நான்கு கிலோமீட்டர் என்பார். ஆட்டோ ஓட்டுநர் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர் என்பார். படிவழியே ஏறிப் பழகிய பக்தரோ, அடிவாரத்திலிருந்து ஆயிரம் படி என்பார். மூவர் கூறுவதும் உண்மையே. முதலாமவர் நேர்கோட்டுத் தொலைவைக் கூறினார். இரண்டாமவர் மலையைச் சுற்றி ஏறும் சாலையின் நீளத்தைக் கூறினார். மூன்றாமவர் உயரத்தைக் கூறினார்.

வரைபடக் கல்வியின் முதற்பாடம் இதுவே. வரைபடம் நிலத்தின் புகைப்படம் அன்று. ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு அளிக்கப்பட்ட விடை. எந்தக் கேள்விக்கு விடையாக அது வரையப்பட்டது என்பதை அறியாமல் படித்தால், சரியான வரைபடமும் நம்மைத் தவறான இடத்துக்கு அழைத்துச் செல்லும்.

பள்ளியோடு முடிந்துபோன பாடம் இது என்று எண்ண வேண்டியதில்லை. நம்முள் பலருடைய வாழ்நாள் சேமிப்பில் பெரும்பகுதி நிலமாகவும் வீடாகவும் மாறுகிறது. வீட்டுக் கடன் விண்ணப்பத்துடன் நாம் இணைக்கும் தாள்களுள் மனையின் வரைபடமும் ஒன்று. அதில் கையெழுத்திடும் நாம், அதைப் படித்துப் பார்க்கிறோமா? படிப்பதற்கு வேண்டிய அடிப்படைக் கருத்துகள் ஐந்தாறுதான். அவற்றை மைசூருவையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே காண்போம். தென்னிந்தியாவின் முறையான நில அளவைக்கு விதை ஊன்றப்பட்ட இடமும் இதுவே என்பதால், இந்த எடுத்துக்காட்டு பொருத்தமானதே.

திசை

1799ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். திப்பு சுல்தானின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கம்பெனிப் படை நெருங்கியிருந்தது. ஜெனரல் பெயர்டு தலைமையில் ஒரு படைப்பிரிவு இரவில் ஒரு தோப்பைச் சோதனையிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. பாசறைக்குச் செல்ல அது வடக்கு நோக்கி நடந்திருக்க வேண்டும். உடன் சென்ற வில்லியம் லாம்டன் என்னும் அதிகாரி வானத்து விண்மீன்களைப் பார்த்து, படை தெற்கே, எதிரியின் அரண்களை நோக்கியே செல்கிறது என்று எச்சரித்தார். விண்மீன்களைக் கேட்டு வழி அறிய வேண்டிய தேவை தமக்கில்லை என்று பெயர்டு மறுத்துவிட்டார். சிறிது நேரத்தில் திப்புவின் காவல்படை ஒன்றே எதிர்ப்பட்டது. அதன்பின் விளக்கேற்றித் திசைகாட்டியைப் பார்த்தபோது, லாம்டன் கூறியது சரி என்று தெரிந்தது.

திசை அறியாத பயணத்தில் வேகம் கூடக் கூடப் பிழையும் கூடும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று. எனவே எந்த வரைபடத்தைக் கையில் எடுத்தாலும், முதலில் வடக்குக் குறி எங்கே என்று பார்க்க வேண்டும். பொதுவாக வரைபடத்தின் மேற்பக்கம் வடக்கு. ஆனால் மனைப்பிரிவு விளம்பரத் தாள்களில் இவ்வழக்கம் பின்பற்றப்படும் என்பதற்கு உறுதியில்லை. தாளின் அமைப்புக்கு ஏற்பப் படத்தைத் திருப்பி அச்சிட்டு, வடக்குக் குறியை ஒரு மூலையில் சாய்வாக வைத்திருப்பதும் உண்டு. கிழக்கு வாசல் என்று நம்பி வாங்கிய மனை வேறு திசையைப் பார்ப்பது இவ்வாறுதான் நேர்கிறது.

திசைகாட்டியின் முள் காட்டும் வடக்கும் புவியின் உண்மை வடக்கும் ஒன்றல்ல என்பதையும் அறிந்துகொள்வோம். தென்னிந்தியாவில் இன்று இவ்வேறுபாடு ஓரிரு பாகையே. நடந்து செல்பவருக்கு அது பொருட்டன்று. நிலம் அளப்பவருக்குப் பொருட்டு.

அமைவிடம்

ஓர் ஊர் எங்கே இருக்கிறது என்பதை, வேறோர் ஊரின் பெயரைச் சொல்லாமலே குறிப்பிட உதவுவன அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஆகும். மைசூரு நகரம் ஏறத்தாழ வடக்கு 12 பாகை 18 கலை அட்சத்திலும், கிழக்கு 76 பாகை 39 கலை தீர்க்கத்திலும் அமைந்துள்ளது. ஒரு பாகைக்கு 60 கலை. இவ்விரண்டு எண்களையும் வானத்தைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம்.

இரவில் வடதிசையில் துருவ நட்சத்திரத்தைத் தேடுவோம். அது அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் உள்ளதோ, அதுவே ஏறத்தாழ நாம் நிற்கும் இடத்தின் அட்சம். கையை முழுவதும் நீட்டி மடக்கிப் பிடித்த முட்டியின் அகலம் சுமார் 10 பாகை. மைசூருவில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் ஒரு முட்டியும் இரண்டு பாகையுமாக நிற்கும். தில்லியில் அது ஏறத்தாழ மூன்று முட்டி உயரத்தில் இருக்கும்.

பகலிலும் ஒரு சோதனை உண்டு. சூரியன் நேர் தலைக்கு மேல் வருவது மைசூருவில் ஆண்டுக்கு இரு முறை: ஏப்ரல் 22, 23 அளவிலும் ஆகஸ்ட் 20, 21 அளவிலும். அந்நாள்களில் செங்குத்தாக நட்ட கோலின் நிழல் உச்சிப்பொழுதில் கோலின் அடியிலேயே மறைந்துவிடும். ஆனால் கடிகாரம் 12 மணி காட்டும்போது இது நிகழாது. ஏறத்தாழ 12 மணி 22 நிமிடத்தில் நிகழும். காரணம் தீர்க்கரேகை. இந்தியா முழுமைக்குமான நேரம் கிழக்கு 82½ பாகைக் கோட்டைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. புவி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகும். மைசூரு அக்கோட்டுக்கு ஏறத்தாழ 6 பாகை மேற்கே இருப்பதால், அதன் உச்சிப்பொழுது இருபது நிமிடத்துக்கும் மேலாகத் தாமதமாகிறது. சென்னை மைசூருவுக்குச் சுமார் 3½ பாகை கிழக்கே உள்ளது. எனவே சென்னையின் உச்சிப்பொழுது மைசூருவைவிட ஏறத்தாழ 14 நிமிடம் முந்தியது. வங்கிகள் இரு நகரங்களிலும் ஒரே நேரத்தில் திறக்கப்படுகின்றன. சூரியன் மட்டும் தன் கணக்கில் தவறுவதில்லை.

இவ்விரு கோடுகளைக் கொண்டே இந்திய நில அளவைத் துறை தன் வரைபடத் தாள்களுக்கு எண் இட்டது. நாட்டை 4 பாகைக்கு 4 பாகை என்னும் கட்டங்களாக்கி எண் கொடுத்தனர். அட்சம் 12 முதல் 16 வரையும் தீர்க்கம் 76 முதல் 80 வரையும் உள்ள கட்டம் 57. அதனை ஒரு பாகைக் கட்டங்கள் பதினாறாகப் பிரித்து, மேலிருந்து கீழாக, நிரல் நிரலாக ஆங்கில எழுத்துகளை இட்டனர். முதல் நிரலின் நான்காவது கட்டம் ‘டி’. அதனையும் கால் பாகைக் கட்டங்கள் பதினாறாக்கி, அதே முறையில் எண் இட்டனர். மைசூரு விழுவது பதினோராவது கட்டத்தில். ஆகவே மைசூருவின் தாள் 57 டி/11. மைசூரு நகரம், சாமுண்டி மலை, ஸ்ரீரங்கப்பட்டணம், கிருஷ்ணராஜ சாகர் அணை ஆகிய அனைத்தும் இந்த ஒரே தாளில் அடங்கும்.

அளவை

அலுவலகங்களில் ‘டோப்போ ஷீட்’ என்று வழங்கும் இந்த இடவிளக்க வரைபடத்தின் அளவை 1:50,000. தாளில் ஒரு சென்டிமீட்டர் என்பது நிலத்தில் 50,000 சென்டிமீட்டர், அதாவது அரைக் கிலோமீட்டர். அரண்மனையிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை நேர்கோட்டில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் என்றால், தாளில் அது 26 சென்டிமீட்டர். கால் பாகைப் பரப்பு முழுவதும் ஏறத்தாழ 55 சென்டிமீட்டர் நீள அகலமுள்ள தாளில் அடங்கிவிடுகிறது.

இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் நேர்வதுண்டு. பெரிய பரப்பைக் காட்டும் இந்திய வரைபடம் ‘சிறிய அளவை’ வரைபடம். ஒரு தெருவை மட்டும் காட்டும் படம் ‘பெரிய அளவை’ வரைபடம். அளவை என்பது பின்னம். 1:50,000 என்பதைவிட 1:2,000 பெரிய பின்னம்; எனவே அதில் பொருள்கள் பெரிதாகத் தெரியும்.

இதன் நடைமுறைப் பயனைப் பார்ப்போம். 30 அடிக்கு 40 அடி என்பது மைசூருவில் பரவலாக வழங்கும் மனை அளவு. மீட்டரில் ஏறத்தாழ 9-க்கு 12. அதனை 1:50,000 தாளில் வரைந்தால் கால் மில்லிமீட்டருக்கும் குறைவான புள்ளியாகிவிடும். அத்தாளில் அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரு கோடு நிலத்தில் 25 மீட்டரை அடைத்துக்கொள்ளும். இரண்டு மனைகளும் நடுவே உள்ள தெருவும் அக்கோட்டின் தடிப்புக்குள்ளேயே மறைந்துபோகும். ஆகவே, நாட்டுப்படத்தையோ மாவட்டப் படத்தையோ பெரிதாக்கிக் காட்டி மனையின் எல்லையை நிறுவ முடியாது. எல்லை அறியப் பெரிய அளவைப் படமே வேண்டும்: தமிழ்நாட்டில் புலப்படம், கர்நாடகத்தில் சர்வே எண்ணுக்கு உரிய அளவைப்படம். 1:2,000 அளவையில் அதே மனை ஏறத்தாழ 4½ மில்லிமீட்டருக்கு 6 மில்லிமீட்டர் கட்டமாகத் தெளிவாகத் தெரியும்.

கைப்பேசி வரைபடத்துக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். திரையை எவ்வளவு பெரிதாக்கினாலும், கைப்பேசி நம் இருப்பிடத்தைக் காட்டுவதில் திறந்தவெளியிலும் சில மீட்டர் பிழை இருக்கலாம். வழி காண அது போதும். 9 மீட்டர் முகப்புள்ள மனையில் 5 மீட்டர் பிழை என்பது பாதி மனைக்கும் மேல்.

அளவைக்கு அடுத்தது அலகு. தமிழ்நாட்டில் ஓர் ஏக்கர் 100 சென்ட். கர்நாடகத்தில் ஓர் ஏக்கர் 40 குண்டா. ஏக்கர் 43,560 சதுர அடி ஆதலால், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு குண்டா 1,089 சதுர அடி, அதாவது 33 அடிக்கு 33 அடி. ஒரு குண்டாவுக்கு இரண்டரை சென்ட் என்று நினைவில் வைத்தால் போதும். சேலத்திலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ மைசூருவுக்குக் குடிபெயர்ந்து நிலம் வாங்க முற்படும் குடும்பத்தினர் விலை ஒப்பிடும்போது முதலில் தடுமாறுவது இவ்விடத்தில்தான்.

தொலைவை அளந்த முக்கோணம்

மலையும் காடும் ஆறும் நிறைந்த நாட்டில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவைச் சங்கிலி போட்டு அளப்பது இயலாது. பிறகு எப்படி அளந்தனர்? விடை, நாம் பள்ளியில் கற்ற முக்கோணம். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்க நீளமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். கணக்கிட்ட பக்கத்தை அடுத்த முக்கோணத்தின் அடிப்பக்கமாகக் கொள்ளலாம். இவ்வாறு முக்கோணங்களைக் கோத்துக்கொண்டே செல்லலாம்.

ஸ்ரீரங்கப்பட்டணப் போர் முடிந்தபின் இருவர் இப்பணியில் இறங்கினர். காலின் மெக்கன்சி, புதிதாக வரையறுக்கப்பட்ட மைசூரு அரசின் எல்லைகளையும் ஊர்களையும் அளந்து படமாக்கினார். அப்போதே சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் திரட்டினார். அவர் திரட்டியவற்றுள் ஒரு பகுதி இன்றும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளது. விண்மீன் பார்த்து வழி சொன்ன லாம்டனோ, முக்கோண முறையைத் தீபகற்பம் முழுவதற்கும் விரிக்க முற்பட்டார். 1800இல் பெங்களூரு அருகே ஓர் அடிக்கோட்டை அளந்தார். பின்னர் 1802 ஏப்ரல் 10ஆம் நாள் சென்னைப் பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அந்த ஒரு கோட்டை அளந்து முடிக்க 57 நாள்கள் ஆயின.

அங்கிருந்து மேற்கே மைசூருப் பீடபூமியைக் கடந்து மங்களூர்க் கடற்கரை வரை முக்கோணங்கள் சென்றன. அதுவரை தீபகற்பத்தின் அகலம் இங்கே சுமார் 400 மைல் என்று எண்ணியிருந்தனர். அளந்து பார்த்தபோது 360 மைலே இருந்தது. நாற்பது மைல் நிலம், இருப்பதாக நம்பப்பட்டு வரைபடங்களில் மட்டுமே வாழ்ந்திருந்தது. அளக்காமல் நம்பிய எல்லை சுருங்குவது நாடுகளுக்கும் நேரும். நம் மனைக்கும் நேரும்.

உயரம்

தட்டையான தாளில் மலையை எவ்வாறு காட்டுவது? இதற்கு விடையாக அமைந்தவை சம உயரக் கோடுகள். கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு இது; இடவிளக்கத் தாளில் பழுப்பு நிறத்தில் இருக்கும். 1:50,000 தாளில் இக்கோடுகள் பொதுவாக 20 மீட்டருக்கு ஒன்றாக வரையப்படுகின்றன. மைசூரு நகரத்தின் உயரம் சுமார் 760 மீட்டர். சாமுண்டி மலை உச்சி ஏறத்தாழ 1,060 மீட்டர். இடையே உள்ள 300 மீட்டர் ஏற்றத்தைக் காட்ட ஏறத்தாழ பதினைந்து கோடுகள் ஒன்றனுள் ஒன்றாக வளைந்து நிற்கும். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்துச் சரிவு. விலகியிருந்தால் மெல்லிய சரிவு. படிக்கட்டு கோடுகளை வெட்டிக்கொண்டு நேராக ஏறுகிறது. சாலை கோடுகளை ஒட்டிச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. தொடக்கத்தில் கேட்ட மூன்று விடைகளும் ஏன் வேறுபட்டன என்பது இப்போது விளங்கும்.

நீர் எப்போதும் சம உயரக் கோட்டைக் குறுக்காகக் கடந்து கீழ்நோக்கியே ஓடும். ஸ்ரீரங்கப்பட்டணத்தின் உயரம் சுமார் 680 மீட்டர். காவிரி நகரத்துக்கு மிக அருகில் ஓடியும், மைசூருவின் குடிநீர்க் குழாய்க்கு அது தானாக வந்து சேராமைக்குக் காரணம் இந்த 80 மீட்டர். தொலைவு குறைவு, உயரம் கூடுதல். ஆகவே மின்விசை கொண்டு நீரை மேலே ஏற்ற வேண்டியுள்ளது.

மைசூரு நகரம் ஒரு நீர்ப்பிரி மேட்டின்மீது அமைந்துள்ளது. நகரின் வடகிழக்கில், கேசரே பக்கம் விழும் மழைநீர் காவிரியை நோக்கிச் செல்கிறது. தெற்குச் சரிவில் விழுவது தளவாய் ஏரி போன்ற நீர்நிலைகளின் வழியாகக் கபினியை நோக்கிச் செல்கிறது. நகரின் மேட்டில் பிரிந்த இரு துளிகள், தென்கிழக்கே திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியும் கபினியும் கலக்குமிடத்தில் மீண்டும் சந்திக்கின்றன. திருமகூடலு என்னும் பெயர் நம் முக்கூடல்தான் என்பதைத் தமிழர்க்கு விளக்க வேண்டியதில்லை. காவிரி, கபினி இரண்டோடு கண்ணுக்குப் புலனாகாத ஸ்படிக சரோவரமும் அங்கே கலப்பதாக நம்பிக்கை.

மனை வாங்குவோருக்கு இதில் உள்ள பாடம் எளியது. வாங்க நினைக்கும் இடத்தின் மேற்சரிவில் என்ன உள்ளது, கீழ்ச்சரிவில் என்ன உள்ளது என்று பார்க்க வேண்டும். கோடைகாலத்தில் எல்லா மனைகளும் உலர்ந்தே இருக்கும். ஏரிக்கு நீர் கொண்டுவரும் பழைய வாய்க்கால், கர்நாடகத்தில் ராஜகாலுவே எனப்படுவது, மனையை ஒட்டியோ ஊடுருவியோ செல்கிறதா என்பதை வரைபடமே முன்கூட்டிக் காட்டும். அம்மாநிலத்து நில உரிமைப் பதிவேடான பஹணியில் ‘கராபு’ என்னும் பகுதியையும் கவனிக்க வேண்டும். ‘பி கராபு’ என்று குறிக்கப்பட்ட நிலம் பாதை, ஓடை, ஏரி போன்ற பொதுப் பயனுக்கு உரியது. அதனைத் தனியார் விற்கவோ நாம் வாங்கவோ இயலாது.

வட்டாரம் என்பது என்ன?

வரைபடத்தில் ஒரு பகுதியைச் சுற்றி எல்லை வரைந்து பெயரிடும்போது வட்டாரம் உருவாகிறது. எல்லை எதனைக் கொண்டு வரையப்பட்டது என்பதைப் பொறுத்து வட்டாரங்கள் வேறுபடும்.

முதலாவது, இயற்கை வட்டாரம். மேற்குத் தொடர்ச்சி மலைமீதுள்ள மடிக்கேரியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மலைக்குக் கிழக்கே மழை மறைவில் உள்ள மைசூருவில் ஏறத்தாழ 800 மில்லிமீட்டரே. ஒன்றில் காப்பித் தோட்டம். மற்றதில் கேழ்வரகும் ஏரிப் பாசனமும். இந்த எல்லையை எந்த அரசும் வரையவில்லை.

இரண்டாவது, ஆட்சி வட்டாரம். ஸ்ரீரங்கப்பட்டணமும் கிருஷ்ணராஜ சாகரும் மைசூருவைச் சேர்ந்தவை என்றே சுற்றுலாப் பயணிகள் எண்ணுகின்றனர். ஆனால் 1939இல் மைசூரு மாவட்டத்திலிருந்து மண்டியா பிரிக்கப்பட்டபின் அவை மண்டியா மாவட்டத்தில் உள்ளன. மைசூரு நகரம் அருகிலேயே இருந்தும், ஸ்ரீரங்கப்பட்டணத்தார் மாவட்ட அலுவலகத்துக்கு ஏறத்தாழ இரு மடங்கு தொலைவில் உள்ள மண்டியாவுக்கே செல்ல வேண்டும்.

மூன்றாவது, செயல் வட்டாரம். ஒரு மையத்தோடு மக்களுக்கும் சேவைகளுக்கும் உள்ள தொடர்பால் அமைவது இது. 1972 ஆகஸ்ட் 15இல் நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு எண் நல்ல எடுத்துக்காட்டு. மைசூரு மாவட்டத்து நஞ்சன்கூடு, மண்டியா மாவட்டத்து ஸ்ரீரங்கப்பட்டணம், சாமராஜநகர் மாவட்டத்துக் கொள்ளேகால் மூன்றுக்கும் எண் 571 என்றே தொடங்குகிறது. மாவட்டங்கள் மூன்று, அஞ்சல் வட்டாரம் ஒன்று. அவ்வாறே, 1969இல் தொடங்கிய முன்னோடி வங்கித் திட்டத்தில், ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு வங்கி பொறுப்பேற்றது. அங்கே வங்கிச் சேவை ஆட்சி எல்லையையே தன் எல்லையாகக் கொண்டது.

இயற்கை எல்லையும் ஆட்சி எல்லையும் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில்தான் பெரிய வழக்குகள் பிறக்கின்றன. காவிரி வடிநிலம் 81,155 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. அதில் கர்நாடகத்தில் 34,273, கேரளத்தில் 2,866, எஞ்சிய 44,016 தமிழ்நாட்டிலும் காரைக்காலிலும் உள்ளது. நீருக்கு இந்த எல்லைகள் தெரியா. வயநாட்டு மழை கபினியாகி, மைசூருவின் மழைநீரையும் சேர்த்துக்கொண்டு, மேட்டூரை அடைந்து, தஞ்சையின் வயலில் பாய்கிறது. மாநில எல்லையில் பிலிகுண்டுலு என்னுமிடத்தில் மத்திய நீர்வள ஆணையம் அந்நீரை அளக்கிறது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வரையறுத்த 177.25 டி.எம்.சி. என்னும் ஆண்டு அளவு கணக்கிடப்படுவது இவ்விடத்தில்தான். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி.

எல்லை மாறும், நிலம் மாறாது

ஆட்சி எல்லைக்கு இயற்கை எல்லைக்கு இல்லாத ஒரு குணம் உண்டு: அது ஒரே நாளில் மாறக்கூடும். கொள்ளேகால் வட்டம் 1799 போருக்குப் பின் கோயம்புத்தூர் மாவட்டத்தோடு சென்னை மாகாணத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலச் சீரமைப்பில் மைசூர் மாநிலத்துக்கு மாற்றப்பட்டு, மைசூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1973 நவம்பர் 1இல் மாநிலத்தின் பெயர் கர்நாடகம் ஆயிற்று. 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது கொள்ளேகால் அதில் சேர்ந்தது. ஒருவருடைய பூர்விக நிலம் ஓரடியும் நகராமலே மூன்று மாவட்டப் பெயர்களையும் மூன்று மாநிலப் பெயர்களையும் கண்டுவிட்டது.

அங்கே 1950இல் எழுதப்பட்ட மூலப்பத்திரம் ஒன்றில் ‘கோயம்புத்தூர் ஜில்லா’ என்றிருந்தால் அது பிழையன்று. இன்றைய ஆவணத்தில் ‘சாமராஜநகர் மாவட்டம்’ என்றிருப்பதும் முரண்பாடன்று. இரண்டையும் இணைக்கும் கண்ணிகளை, அதாவது சர்வே எண், உட்பிரிவு, நான்கு எல்லைகள் ஆகியவற்றை, வரிசையாகத் தேடிப் பிடிப்பதே வாங்குபவரின் கடமை. எனவே வரைபடத்தின் மூலையில் உள்ள ஆண்டு, அதன் தலைப்பைப் போலவே இன்றியமையாதது.

ஊர்ப்பெயர்களும் பழைய வரைபடங்களே. மைசூருவில் தசராப் பொருட்காட்சி நடைபெறும் திடலின் பெயர் தொட்டகெரே மைதானம். கன்னடத்தில் ‘தொட்டகெரே’ என்றால் பெரிய ஏரி. இன்று அங்கே நீர் இல்லை. பெயர் மட்டும் பழைய நிலத்தோற்றத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டிலும் ஏரி, தாங்கல், குளம், ஓடை என்று முடியும் தெருப்பெயர்கள் பல உண்டு. அத்தகைய தெருவில் மனை பார்க்கச் செல்வோர், பழைய தாளையும் புதிய தாளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நன்று.

நினைவிற் கொள்வோம்

ஒரு வரைபடம் கைக்கு வந்தவுடன் ஆறு கேள்விகளைக் கேட்போம்.

1. வடக்கு எது?
2. அளவை என்ன? நம் கேள்விக்கு அந்த அளவை போதுமா?
3. அலகு எது: சென்ட்டா, குண்டாவா, சதுர அடியா?
4. நீர் எங்கிருந்து வந்து எங்கே செல்கிறது?
5. எல்லைக் கோடு இயற்கையுடையதா, ஆட்சியுடையதா?
6. எந்த ஆண்டில் வரையப்பட்டது?

இவற்றுக்கு உதவும் கருவிகள் இன்று எளிதில் கிடைக்கின்றன. இந்திய நில அளவைத் துறை 2017இல் தன் 1:50,000 தாள்களை ‘நக்ஷே’ என்னும் இணையவாயிலில் கட்டணமின்றி வழங்கத் தொடங்கியது. அவை புதிய வரிசை ஆதலால் எண் முறை வேறுபடும். கர்நாடகத்தில் நிற்கும் இடத்தின் சர்வே எண்ணை அறிய ‘திஷாங்க்’ செயலி உள்ளது. தமிழ்நாட்டில் பட்டாவையும் புலப்படத்தையும் வருவாய்த் துறையின் மின்சேவைத் தளத்தில் பார்க்கலாம். இவை தேடலுக்குத் துணையே. முடிவு செய்யுமுன் உரிமம் பெற்ற நில அளவரைக் கொண்டு அளந்து பார்ப்பதற்கும் வழக்கறிஞரின் கருத்துக்கும் இவை மாற்றாகா.

செய்து பார்ப்போம்

1. திருமகூடலு நரசிபுரம் வடக்கு 12 பாகை 13 கலை, கிழக்கு 76 பாகை 54 கலை. பழைய வரிசையில் அதன் தாள் எண் என்ன?
2. ஓர் ஏக்கர் 10 குண்டா நிலம் எத்தனை சென்ட்?
3. 1:50,000 தாளில் இரு கோயில்களுக்கு இடையே 9 சென்டிமீட்டர். நிலத்தில் நேர்கோட்டுத் தொலைவு எவ்வளவு?

விடைகள்: 57 டி/16, 125 சென்ட், 4½ கிலோமீட்டர்.

மூன்றாவது விடையை எழுதியவர்கள் ஒன்றை மறவாதிருப்போம்: அது பறவை செல்லும் தொலைவு. நாம் செல்ல வேண்டிய தொலைவை அறிய, இன்னொரு முறை தாளை விரித்துச் சாலையையும் சம உயரக் கோட்டையும் படித்தாக வேண்டும்.